திங்கட்கிழமை விமர்சனம்

தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்தவர் எங்கள் பக்கத்துக்காரர். 1885-இல் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார். சென்னைக்குப் போய் சைக்கிள் வியாபாரம் செய்தார். பிறகு மோட்டார் கார், உதிரிபாகம் என்று வளர்ந்தார். தாதாசாகேப் பால்கேயின் படங்களைப் பார்த்தபின் அவருக்கு வியாபாரத்தில் மனம் நிற்கவில்லை. ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் கேமரா பழகினார். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஸ்டுடியோ போட்டு, 1917-18 வாக்கில் 'கீசக வதம்' எடுத்தார். ஏறத்தாழ ஐந்து வாரப் படப்பிடிப்பு, சுமார் 35,000 ரூபாய் செலவு. வசன அட்டைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தன. இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி.

இவ்வளவும் தெரிகிறது. படம்தான் இல்லை. நடராஜ முதலியார் எடுத்த எந்தப் படத்திலும் ஒரு ஃபிரேம்கூட மிஞ்சவில்லை. 1923-இல் ஸ்டுடியோ தீக்கிரையானது, மகனும் இறந்தார். அதோடு அவர் சினிமாவை விட்டு விலகிவிட்டார். ஆனால் அந்தக் காலத்து சென்னை நாளேடான 'தி மெயில்' இந்தப் படத்தைப் பற்றி எழுதியது: அக்கறையாக எடுத்திருக்கிறார்கள், கொட்டகை நிரம்பி வழிகிறது என்று. பெயர் தெரியாத யாரோ ஒருவர் டிக்கெட் எடுத்து உள்ளே போய் உட்கார்ந்து, பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆள்தான் எனக்கு முன்னோடி.

தெற்கில் எடுத்த மௌனப்படங்களில் தப்பிப் பிழைத்தது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். அது தப்பியதும் யாரும் சினிமாவை மதித்ததால் அல்ல. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியில்லாமல் படமாக்கினார்கள் என்று பதிப்பகத்தார் வழக்குப் போட்டார்கள். 1933-இல் திருவனந்தபுரத்தில் திரையிட்ட கையோடு படச்சுருளைப் பிடித்துவிட்டார்கள். அது அந்தப் பதிப்பகத்தாரின் புத்தகக் கடையிலேயே பல ஆண்டுகள் கிடந்து, பிறகு புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. வழக்கு வராத படங்கள் போயே போய்விட்டன. அவற்றை இன்று நமக்குக் காட்டக்கூடியவை விளம்பரத் துண்டுகளும் பத்திரிகைக் குறிப்புகளும்தான்.

அதனால்தான் விமர்சனம் எழுதுவது என்றால் முதலில் சாட்சி சொல்வது என்று நினைக்கிறேன். தீர்ப்பு அப்புறம்.

நான் ஆம்பூர். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் தரம் பார்க்கிற வேலை. 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது எங்கள் ஊர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. வாயில் இன்னும் வேலூர் என்றுதான் வருகிறது. வாரம் முழுக்க வேலை, ஞாயிறு சினிமா. எந்தப் பத்திரிகையிலும் நான் ஊழியர் இல்லை. எழுதுவதை வெளியிடும் இடத்தையும் என் சம்பளத்தில் நானே நடத்துகிறேன். விளம்பரம் வாங்குவதில்லை. ஞாயிறு மதியக் காட்சி பார்த்துவிட்டு இரவு உட்கார்ந்து எழுதினால், என் விமர்சனம் வெளிவருவது திங்கட்கிழமை.

இந்தக் காலத்தில் திங்கட்கிழமை என்பது ரொம்பத் தாமதம். தமிழ்நாட்டில் இப்போது முதல் காட்சி காலை 9 மணிக்கு. இடைவேளைக்குள் பாதித் தீர்ப்பு வந்துவிடும், பகல் 12 மணிக்கெல்லாம் முழுத் தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். படம் ஓடுமா, ஓடாதா என்பதுதான் அந்த அவசரத்துக்குள் இருக்கிற ஒரே கேள்வி. அதற்கு விநியோகஸ்தர் பதில் சொல்லட்டும். படம் என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது, யாருக்காகச் செய்கிறது என்று கேட்க, படம் முடிந்தபின் சில மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். மதியம் கொட்டகையில் பிரமாதமாகத் தெரிந்த சண்டைக்காட்சி ஞாயிறு இரவு நினைவிலேயே இருக்காது. கதைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு கிழவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது மட்டும் நிற்கும். எது நின்றது என்பதிலிருந்துதான் நான் எழுத ஆரம்பிப்பேன்.

அப்பா டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவராக இருந்தார். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவிக்கொண்டே வருவார். இது முள் கிழித்தது, இது உண்ணி கடித்த தழும்பு, இது சூடு போட்ட இடம், இது உரிக்கும்போது கத்தி இறங்கியது. கழுத்துப் பக்கம் ஒரு மாதிரி, வயிற்றுப் பக்கம் ஒரு மாதிரி. அந்த மாடு எந்தக் காட்டில் மேய்ந்தது, எப்படி வாழ்ந்தது என்று சொல்கிற மாதிரி இருக்கும். கடைசியில்தான் ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று ஒதுக்குவார். யாராவது ஏன் என்று கேட்டால் தோலைத் திருப்பிப் போட்டு, இடத்தைத் தொட்டுக் காட்டுவார். நான் படத்தை அப்படித்தான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நன்றாக இல்லை என்று சொன்னால் எந்த இடத்தில் என்று தொட்டுக் காட்ட வேண்டும். நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அதே கட்டாயம் உண்டு; பாராட்டு என்பதால் காரணம் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

மதிப்பெண் போடுவது தமிழில் பழைய வழக்கம். 1977-இல் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் கொடுத்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் ஆட்கள் ஞாபகமாகச் சொல்வார்கள். நூற்றுக்கு 62.5 கிடைத்ததை ஒரு சாதனையாகக் கொண்டாடினார்கள் என்றால் அந்த மேசையில் இருந்தவர்கள் எவ்வளவு கறாராக இருந்திருக்க வேண்டும்! எனக்கு அந்தக் கறார் பிடிக்கும். ஆனாலும் நான் மதிப்பெண்ணோ நட்சத்திரமோ போடுவதில்லை. போட்டால் வாசகர்கள் எண்ணைப் பார்த்துவிட்டு எழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தமிழில் சினிமா எழுத்துக்கு இரண்டு பக்கமும் வரலாறு உண்டு. ஒரு பக்கம், 1940-களில் சி.என். லட்சுமிகாந்தன் நடத்திய 'சினிமா தூது' மாதிரியான இதழ்கள். நடிகர்களின் படுக்கையறைதான் அவற்றின் சரக்கு. 1944 நவம்பரில் அவர் கத்திக்குத்துப் பட்டு இறந்ததும், அந்தக் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947-இல் விடுதலையானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்னொரு பக்கம் சு. தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறை அதிகாரி, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக ஓய்வு பெற்றவர். சினிமாக்காரர் இல்லை, பேராசிரியரும் இல்லை. உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழைய பாட்டுப் புத்தகங்களையும் அரசாங்கக் கோப்புகளையும் தேடிப் படித்து, 1981-இல் நாடகமும் சினிமாவும் சுதந்திரப் போராட்டத்துக்கு என்ன செய்தன என்று ஒரு நூல் எழுதினார். 1996-இல் தமிழ் சினிமாவுக்கு ஓர் அறிமுகம் எழுதினார், தேசிய விருது கிடைத்தது. ஷிஃப்ட் வேலை பார்க்கிற எனக்கு அவர் வாழ்க்கை பெரிய தைரியம். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை தனியாக இருப்பதால்தான் சினிமாவைப் பற்றி யாருக்கும் கடன்படாமல் எழுத முடிகிறது.

கடன் என்பது பெரும்பாலும் பணமாக வருவதில்லை. முதலில் ஒரு அழைப்பு வரும்: வாங்க, பத்திரிகையாளர் காட்சியில் படம் பாருங்க. பிறகு நடிகரோடு ஒரு பேட்டி. அதற்கு அப்புறம்தான் உறை. பேட்டி கொடுத்தவரின் படத்தை அடுத்த வாரம் சுமாராக இருக்கிறது என்று எழுத யாருக்கும் கை கூசும். அதனால் என் டிக்கெட்டை நானே வாங்குகிறேன். காசு வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. வாசகர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். படத்தைப் புகழும் வீடியோவில் அது கட்டண விளம்பரமா என்று தேடிப் பார்க்கிற பழக்கம் வர வேண்டும்.

எழுதுகிறவருக்குச் சட்டம் தரும் இடமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்துவதைத் திருட்டாகக் கருதுவதில்லை. ஒரு காட்சியைப் பற்றிப் பேச அந்தக் காட்சியின் படம் ஒன்றை, ஒரு வசனத்தை எடுத்துக் காட்டலாம். முழுப் பாட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு விமர்சனம் என்று சொல்ல முடியாது. கொட்டகைக்குள் உட்கார்ந்து திரையைப் படம் பிடிப்பது தனிக் குற்றம். 2023-இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி மூன்று மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, 3 லட்சத்துக்குக் குறையாத அபராதம். ஸ்டேட்டஸில் போட ஹீரோ வருகிற காட்சியை எடுக்கும் தம்பிகளுக்கு இது சுத்தமாகத் தெரிவதில்லை.

2024 இறுதியில், படம் வெளியாகி மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கவில்லை. மூன்று நாள் என்பது என் திங்கட்கிழமைக்கு இடைஞ்சலே இல்லை. ஆனாலும் அந்த மனுவுக்கு நான் எதிரிதான். வெறுப்பைக் கக்குவதும் ஆள் வைத்து அடிப்பதும் உண்மையாகவே நடக்கின்றன, அதில் ஒரு தயாரிப்பாளரின் வீடு வாசல் போய்விடலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் காசு கொடுத்துப் பார்த்தவர் வாயை எத்தனை மணி நேரம் மூட வேண்டும் என்று படம் எடுத்தவர் முடிவு செய்யக் கூடாது.

சரி, ஆம்பூரிலிருந்து எழுதுவதால் என்ன வித்தியாசம்? எங்கள் ஊர் தமிழ்ப் படங்களில் பிரியாணியாக வரும். அதோடு சரி. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நீளும் தோல் தொழில் எவ்வளவு பெரியது! இந்த ஆற்றையும் நிலத்தையும் பற்றித்தான் 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. சட்டக் கல்லூரியில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். நான் பார்த்த தமிழ்ப் படங்களில் தோல் பதனிடும் டிரம் சுற்றும் சத்தத்தையோ, காலையில் மாதனூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களையோ கண்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லிவிட்டு நிறுத்தினால் போதாது. ஒரு படத்தில் வேலை வந்தால் அதை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்ப்பதை என் விமர்சனத்தின் முறையாகவே வைத்துக்கொண்டேன். தையல்காரராக நடிப்பவரின் கால் பெடலில் இருக்கிறதா? கை துணியைத் தள்ளுகிறதா, சும்மா மேலே இருக்கிறதா? சம்பளம் எவ்வளவு என்று யாராவது பேசுகிறார்களா? நம் கதாநாயகர்கள் பலருக்கு என்ன வேலை என்றே கடைசி வரை தெரியாது.

இந்த முறைக்கு வழி காட்டிய படம் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010). ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடை, தென்மாவட்டங்களிலிருந்து வந்து அங்கேயே தின்று அங்கேயே படுத்து, நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும். மேற்பார்வையாளர் கருங்காலியாக நடித்த ஏ. வெங்கடேஷைப் பார்த்ததும் எங்கள் லைனில் வேலை செய்யும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னாக்கா, நம்ம கதை மாதிரியே கீது" என்றாள் ஒருத்தி. காதல் காட்சிகளை அவர்கள் பெரிதாகப் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு எத்தனை நிமிஷம், உட்கார முக்காலி உண்டா, நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டால் யார் பார்ப்பார்கள்? ஒரு படத்தை அளக்க இவை சரியான கேள்விகள். அன்று இரவு நான் எழுதியதில் பாதி அவர்கள் கேட்டதுதான்.

எல்லாப் படமும் எங்கள் ஊருக்கு வருவதில்லை. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவில் உயரிய டைகர் விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகவும் போனது. மக்கள் கைக்கு வந்தது 2023-இல், அதுவும் ஓடிடி வழியாக. அவருடைய அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் கொட்டகைக்கே வந்தது. பின்னணி இசையே இல்லாத படம். எனக்குப் பின்வரிசையில் ஒருவர் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லையா என்று கேட்டார். நியாயமான சந்தேகம்தான். எப்போது பயப்பட வேண்டும், எப்போது அழ வேண்டும் என்று தமிழ்ப் படத்தில் இசைதான் நமக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. அது திடீரென்று நின்றால் ஆட்டோ சத்தம், சேவல் இறக்கை, பெண் பேசாமல் இருப்பது எல்லாம் காதில் விழும். இதை முன்கூட்டியே ஒரு பத்தியில் எழுதி வைத்தால், அடுத்த காட்சிக்குப் போகிறவர் கொஞ்சம் தயாராகப் போவார். கதையைச் சொல்லிவிடாமல், எதைக் கவனித்தால் படம் பிடிபடும் என்று காட்டுவது விமர்சகரின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

சத்யஜித் ராய் இப்படித்தான் தொடங்கினார் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. அவர் 1947-இல் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி ஆரம்பித்தார். 1948-இல் இந்தியப் படங்களிடம் என்ன குறை என்று 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் கட்டுரை எழுதினார். அப்போது அவர் விளம்பரக் கம்பெனி ஓவியர். 'பதேர் பாஞ்சாலி' வர இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. சென்னையில் 1957-இல் அம்மு சுவாமிநாதன் முதலானோர் மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அந்த மரபு ரயில் ஏறி எங்கள் பக்கம் வரவில்லை. டிசம்பரில் சென்னை சர்வதேசப் படவிழா வந்தால் லீவு போட்டு நான்தான் ஏலகிரி எக்ஸ்பிரஸில் அங்கே போகிறேன்.

எங்கள் ஊருக்கு வேறொரு மரபு உண்டு. பாதி ஊருக்கு வீட்டு மொழி உருது. இந்திப் படத்தைச் சப்டைட்டில் இல்லாமல், வசனத்தின் நெளிவு சுளிவோடு ரசிக்கிறவர்கள் இங்கே நிறைய. என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஒரு ஆபா (உருதுவில் அக்கா), எந்த இந்தி வசனம் நல்ல உருது, எது காசுக்கு எழுதியது என்று சட்டென்று சொல்லிவிடுவார். இந்திப் படங்களைப் பற்றி எழுதும்போது அவரிடம் கேட்காமல் நான் எழுதுவதில்லை.

அவரோடு எனக்குத் தீராத சண்டை ஒன்று உண்டு. 'அங்காடித் தெரு'வின் முடிவுதான் காரணம். நடைபாதையில் படுத்திருப்பவர்கள் மேல் லாரி ஏறி, கதாநாயகி கனி இரண்டு கால்களையும் இழக்கிறாள். நான் அதை ஏற்கவில்லை. அதுவரை கடை முதலாளியும் தினசரி நிர்ப்பந்தங்களும் செய்த கொடுமையைப் படம் பொறுமையாகக் காட்டிக்கொண்டு வருகிறது. கடைசியில் ஒரு விபத்து வந்து, பழியை எல்லாம் தூக்கி விதியின் தலையில் போட்டுவிடுகிறது என்று எழுதினேன். ஆபா படித்துவிட்டு மறுநாள் மேசைக்கு வந்தார்.

"விதி இன்னாத்துக்கு வந்துச்சு? வேலையை விட்டுத் தொரத்தாம இருந்தா அதுங்க ஏன் ரோட்ல படுக்குதுங்க? லாரிக்காரன் ஏத்துனான்னு நீ சொல்ற. நான் மொதலாளி ஏத்துனான்னு சொல்றேன்."

அவர் சொன்னதை அப்படியே என் விமர்சனத்துக்குக் கீழே வெளியிட்டேன். என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை, அவரும்தான். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இரண்டும் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன. சிலர் ஆபா பக்கம் நின்று எனக்கு நீளமாக எழுதுகிறார்கள். அதில் நன்றாக எழுதப்பட்டவற்றை அடுத்த திங்கட்கிழமை சேர்த்துவிடுகிறேன்.